பெரிய தேரும் சின்னத் தேரும்

ஆனித் திருமஞ்சனத்துக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். மறுநாள் தேர். கீழவீதியில் ஐந்து தேர்களும் தயாராக நின்றன. நான் தங்கிய வீட்டுத் திண்ணையிலோ அன்றைக்கே வடம் பிடித்துவிட்டார்கள்!

அந்த வீட்டு மருமகள் விமானி. சென்னையில் குடித்தனம். ஓட்டுவது சிறிய ரக விமானம். பகலெல்லாம் ஊர் ஊராகப் பறந்தாலும், பெரும்பாலும் இரவில் குழந்தைக்குச் சோறு ஊட்ட வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பெரிய விமானத்துக்கு மாறினால் சம்பளம் கூடும். ஆனால் லண்டன், நியூயார்க் என்று நாலைந்து நாள் வீட்டை மறக்க வேண்டும். மாறுவதா, வேண்டாமா?

"பெரிய வண்டிக்குப் பெரிய கூலி. இதில் என்ன தப்பு?" என்றார் மாமனார்.

நியாயந்தான். ஏர்பஸ் 320 அதிகபட்சம் சுமார் 78 டன்னோடு கிளம்பும். போயிங் 777-ல் பெரிய ரகம் சுமார் 350 டன். அமெரிக்காவில் 1934-லேயே சேவை ஆண்டுகளோடு விமானத்தின் வேகத்தையும் சேர்த்துச் சம்பளம் நிர்ணயித்தார்கள்.

"உங்களுக்கென்ன தெரியும்! அது ஒரு தரம் இறங்கும் நேரத்தில் இவள் நாலு தரம் இறக்குகிறாளே, அதற்குக் கணக்கில்லையா?" என்றார் மாமியார். மருமகளுக்கு மாமியாரே வக்கீல்!

இதிலும் நியாயம் உண்டு. அமெரிக்காவின் யு.பி.எஸ். சரக்கு விமானங்களில் எந்த ரகத்தை ஓட்டினாலும் ஒரே பதவிக்கு ஒரே விகிதம். சேவை ஆண்டுதான் கணக்கு. பணத்துக்காக விமானம் மாறுகிறவர்கள் குறைவதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் பயிற்சிச் செலவும் மிச்சம். ஆனால் கம்பெனியே மூடிவிட்டால்? 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றதுபோல் நின்றால், சேர்த்து வைத்த மூப்பும் அதோடு போய்விடும்.

நம் நாட்டிலும் இந்த வழக்கு நடந்ததுதான். 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. சமச் சம்பளம் கேட்டு, பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் 2011-ல் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குப் புதிய டிரீம்லைனர் பயிற்சி தரக்கூடாதென்று மறுசாரார் 2012-ல் ஐம்பத்தெட்டு நாள் வேலைக்கு வரவில்லை. தவித்தவர்கள் பிரயாணிகள்!

என் கட்சி இதுதான்: அடிப்படைச் சம்பளம் சேவை ஆண்டுக்கு; படி, பட்ட சிரமத்துக்கு. இரவு விழித்தால் ஒன்று, வீட்டைப் பிரிந்தால் ஒன்று, பல தரம் இறக்கினால் ஒன்று. விமானத்தின் உருவத்துக்கு மட்டும் கூலி என்றால், குழந்தைக்காகச் சிறிய விமானத்தில் தங்கிவிடும் தாய் வருஷந்தோறும் அபராதம் கட்டுகிறாள். பெண் விமானிகள் விகிதத்தில் உலகிலேயே முன்வரிசையில் நிற்கும் நம் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

மறுநாள் தேர் ஓடியது. நடராஜர் தேர் பெரிது, சண்டிகேசுவரர் தேர் சிறிது. ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்தேன். கண் இமைத்தால் இரண்டு தேரிலும் போவது கால்தான்.

மருமகள் என்ன முடிவு செய்தாளாம்?

"பையன் பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றாள். அதுவரை விட்டுக்கொடுக்கும் பணத்தை எந்த ஏட்டில் எழுதுவது?