ஊட்டியில் ஓடிய ‘1000 கினீஸ்’: பெண் குதிரைகளுக்கு மட்டும் ஏன் தனி ரேஸ்?

கோடை சீசனில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்களுக்குப் பக்கத்திலேயே தெரிந்தது ரேஸ்கோர்ஸ். அங்கே நடந்த முக்கியப் பந்தயங்களில் ஒன்று ‘நீலகிரி 1000 கினீஸ்’. இளம் பெண் குதிரைகள் மட்டுமே ஓடும் ரேஸ்.

பெயர் இங்கிலாந்து சரக்கு. 1814-ல் நியூமார்க்கெட்டில் 3 வயதுப் பெண் குதிரைகளுக்காக முதல் ‘1000 கினீஸ்’ நடந்தது. ஜெயித்த குதிரை சார்லட். கினீ என்பது 21 ஷில்லிங் மதிப்புள்ள பழைய தங்கக் காசு. பரிசுத்தொகையே பெயராகிவிட்டது. மும்பை மகாலட்சுமியில் நடக்கும் ‘இந்தியன் 1000 கினீஸ்’ உட்பட எல்லாமே அதன் வாரிசுகள்தான்.

சரி, தனி ரேஸ் எதுக்கு? ஆண் குதிரைகளோடு சேர்ந்து ஓடும்போது பெண் குதிரைக்கு எடைச் சலுகை உண்டு. இங்கே அது தேவையில்லை, எல்லாமே ஒரே தட்டில். ஆனால் உண்மையான கணக்கு பண்ணையில் இருக்கிறது. நல்ல ஆண் குதிரைக்கு ஒரே வருஷத்தில் பல குட்டிகள் பிறக்கும். பெண் குதிரை சுமார் 11 மாதம் சுமக்கும்; வருஷத்துக்கு ஒரு குட்டிதான். அதனால் எந்தக் குதிரையைத் தாயாக்குவது என்பது காஸ்ட்லியான முடிவு. இந்த ரேஸ் அதற்கான பரீட்சை.

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-லேயே கருணாநிதி ஆட்சியில் சட்டம் வந்தது. எம்.ஜி.ஆர் ஆட்சியில், 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்தவும் சட்டம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996-ல் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்த விளையாட்டு. கிளப் தப்பியது.

ஆனால் சூதாட்டமா இல்லையா என்ற கேள்வியில் ஜெயித்த கிளப், ஊட்டியில் மாட்டியது வாடகையில். குத்தகை பாக்கி ரூ.822 கோடி என்றது அரசு. 2024 ஜூன் 21 அன்று சுமார் 52 ஏக்கரை வருவாய்த்துறை மீட்டது. நெரிசலில் திணறும் ஊருக்கு நடுவே அவ்வளவு அரசு நிலம், வருஷத்தில் சில மாதப் பந்தயத்துக்கு என்பது நியாயப்படுத்தக் கஷ்டம்தான். அதே சமயம் சீசனை நம்பியிருந்த குதிரை பராமரிப்பாளர்கள் வாங்கியது தினக்கூலி. கோடிக்கணக்கான பாக்கி அவர்கள் வைத்ததல்ல.

நிலம் சூழல் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறை கைக்குப் போனது.