‘எட்டு’ ஓடினால் மட்டும் போதுமா?

நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களில் அரைவாசிக்கும் அதிகமானவை மோட்டார் சைக்கிள்களாகும். மீனவர், ஆசிரியை, சிறு வியாபாரி, பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றிச் செல்லும் தந்தை என எமது மக்களின் அன்றாட வாழ்வு இரு சில்லுகளின் மீதே நகர்கின்றது. 2009 இல் யுத்தம் முடிவுற்ற பின்னர் வடக்கு, கிழக்கு வீதிகள் பல காபட் இடப்பட்டு அகலமாக்கப்பட்டன. லீசிங் வசதியில் புதிய சைக்கிள்களும் வந்து குவிந்தன. ஆனால், வீதியும் வாகனமும் மாறிய அளவுக்கு ஓட்டும் அறிவு மாறியதா என்பதே எமது கேள்வியாகும்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்த பின்னரே பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கின்றது. ஆயினும், எம்மவரில் பலர் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒழுங்கைகளில் ஓடிப் பழகிவிடுகின்றனர். ஆதலால் பரீட்சை அவர்களுக்கு அறிவைத் தேடும் சந்தர்ப்பமாக அல்லாமல், கடந்து செல்லவேண்டிய ஒரு கடவையாகவே தோன்றுகின்றது. வீதிச் சமிக்ஞைகளின் படங்களையும் விடைகளையும் மனனம் செய்கின்றனர். மறுவாரமே மறந்தும் விடுகின்றனர்.

செயன்முறைப் பரீட்சையின் ‘எட்டு’ வடிவத் தடத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மெதுவான வேகத்தில் கால் ஊன்றாது சமநிலை பேணுவது அவசியமான திறமையே. எனினும் உயிர்கள் பறிபோவது நடைவேகத்தில் அல்ல. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றரைக் கடந்துவிடுகின்றார். மாடு குறுக்கிட்டதைக் கண்டு, கை பிரேக்கைத் தொடும் முன்பே அத்தூரம் முடிந்துவிடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிறுத்தும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இதனை உணர்ந்து ஓட்டுபவர் எத்தனை பேர்?

முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி எறிந்துவிடும் என்ற அச்சம் எமது ஊர்களில் தலைமுறைகளாக ஊட்டப்பட்டு வருகின்றது. உண்மையோ வேறு. வேகம் குறையும்போது பாரம் முன்சில்லுக்கு மாறுவதால், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி அதனிடமே உள்ளது. வண்டியை நிமிர்ந்த நிலையில் வைத்து, இரு பிரேக்குகளையும் ஒருசேரப் படிப்படியாக அழுத்துவதே முறை. திடீரென இறுகப் பற்றுவதும், வளைவில் சரிந்த நிலையில் பிடிப்பதுமே ஆபத்தானவை. கரையோர வீதிகளில் படியும் மணலும், நீண்ட வரட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையில் எண்ணெய்ப் படலத்தால் வழுக்கும் தாரும் இதில் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை.

தலைக்கவசம் பொலிஸாருக்காக அணியப்படும் பொருளாகிவிட்டது. நாடிப்பட்டி பூட்டப்படாத கவசம் விழும்போது முதலில் கழன்று செல்லும். தலைக்கவசம் மரண ஆபத்தை 42 வீதத்தாலும் தலைக்காயத்தை 69 வீதத்தாலும் குறைப்பதாக 2008 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு கண்டறிந்தது. தந்தையின் தலையில் கவசமும், எரிபொருள் தாங்கியின் மேல் அமர்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் வெறும் தொப்பியும் என்ற காட்சியை எமது நகரங்களில் எவரும் காணலாம். அதனைக் கண்டு நாம் அதிர்ச்சியடைவதும் இல்லை, அதுவே கவலைக்குரியது.

சேலைத் தலைப்பு, அபாயாவின் விளிம்பு, துப்பட்டா ஆகியன பின்சில்லிலோ சங்கிலியிலோ சிக்குவதால் நேரும் விபத்துகளும் உள. சேலைக் காப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் இளைஞருக்கு, பின்னால் அமரும் தாயின் அல்லது மனைவியின் ஆடையைக் கவனிப்பது ஓட்டுபவரின் பொறுப்பு என யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் தமிழில் விளக்கமாகக் கற்பிக்க வேண்டிய பாடங்கள் இவையே.

செயன்முறைப் பரீட்சையில் அவசர நிறுத்தத்துக்கும் உரிய இடம் வழங்கப்படல் வேண்டும் என்பது எமது நிலைப்பாடாகும். அதற்குப் பெருஞ் செலவு ஏதும் இல்லை. ஐம்பது மீற்றர் தார்த்தரையும், நிறுத்த வேண்டிய இடத்தைக் காட்ட ஒரு வெள்ளைக் கோடும் போதுமானவை.