ஜியாலஜி படித்தால் சோறு கிடைக்காதா?



நேற்று இரவு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பஞ்சாயத்து. என் தங்கை பேத்திக்கு ஜியாலஜியில் இடம் கிடைத்திருக்கிறது. உடனே நாலு பேர், "அது எண்ணெய்க் கம்பெனிக்குப் போகிற படிப்பு. இனி எல்லாம் கரண்ட் வண்டிதான். பேசாமல் கம்ப்யூட்டரில் சேர்த்துவிடு" என்று அவள் அப்பாவைக் கலக்கிவிட்டார்கள். பிள்ளை எனக்குப் போன் போட்டு அழுகிறாள். (அந்த நாலு பேரில் இருவர் ஜியாலஜியையும் பள்ளிக்கூடத்துப் புவியியலையும் ஒன்றென்று நினைப்பவர்கள்.) நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியன்தான். ஆனாலும் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் ஜியாலஜி முடித்து வளைகுடாவில் பல வருடம் இருந்தான். சுண்ணாம்புப் பாறைக்குள் எண்ணெய் எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டுசொல்கிற வேலை. 1974இல் கண்டுபிடித்த நம் மும்பை ஹை எண்ணெயும் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாறை லேசுப்பட்டதல்ல. ஓரிடத்தில் தண்ணீர் கரைத்துப் பொந்து பொந்தாக இருக்கும், விரிசல் ஓடியிருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் இறுகிக் கிடக்கும், சொட்டுக்கூட நகராது.

இன்று அவன் ஜெர்மனியில், மியூனிக் பக்கம் இருக்கிறான். அங்கேயும் சுண்ணாம்புப் பாறைதான், ஜுராசிக் காலத்தது. தேடுவது மட்டும் எண்ணெய் இல்லை, வெந்நீர். உன்டர்ஹாகிங் என்ற ஊரில் 3,300 மீட்டருக்கும் கீழே துளை போட்டு, 120 டிகிரி தாண்டிய தண்ணீரை மேலே கொண்டுவந்து, அந்தச் சூட்டைக் குழாய் வழியே வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆறின தண்ணீரை இன்னொரு கிணறு வழியாகத் திரும்பப் பூமிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். பாரிஸுக்கு அருகே மெலுன் என்ற ஊரில் 1969லேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். அங்கேயும் சுண்ணாம்புப் பாறைதான்.

"ஆழமாகத் தோண்டினால் எங்கேயும் சூடுதானே, இதற்கு எதற்குப் படிப்பு?" என்று மைத்துனர் கேட்டார். மியூனிக்குக்குத் தெற்கே கெரெட்ஸ்ரீட் என்ற ஊரில் 2013இல் அப்படித்தான் ஆழமாகத் தோண்டினார்கள், மாப்பிள்ளை. சூடு நிறையவே இருந்தது. போதிய தண்ணீர் வரவில்லை. பாறைக்குள் தண்ணீர் ஓட வழி இல்லை. போட்ட பணம் போட்டதுதான். படித்தவர்கள் இருந்தும் தவறிவிட்டதே என்பீர்கள். தவறும். எண்ணெய்க் கிணறும் எத்தனையோ வறண்டு போயிருக்கிறது. அந்த வழி எங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் என் மாணவன் எண்ணெயில் கற்ற வித்தை. அதற்குத்தான் இப்போதும் அவனுக்குச் சம்பளம்.

நம் ஊரில் நாளைக்கே வெந்நீர்க் கிணறு வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மும்பை ஹையில் எண்ணெய் எடுக்கிற அதே ஓ.என்.ஜி.சி.தான் 2021இல் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் பூமிச் சூட்டை எடுக்க ஒப்பந்தம் போட்டது. எண்ணெய்க் கம்பெனிக்கே தெரிந்தது நம் குழுவுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்டக் கடைசி நாள். அதுவரை அவள் அப்பாவுக்கு யாரும் போன் செய்ய வேண்டாம். சண்டை போடுவதென்றால் என் நம்பருக்குப் போடுங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.