மண்டபத்துப் பெரிய திரை பத்தி



போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அபிஷேகத்தப்போ, எப்பவும் முன்னால உட்காரும் பாட்டி ஒருத்தங்க சேலைத் தலைப்பால கண்ணை மூடிக்கிட்டு தூணுக்குப் பின்னால போய் நின்னுட்டாங்க. என்னம்மான்னு கேட்டோம். "அந்த டிவி கண்ணைக் குத்துதுய்யா, தலை வலிக்குது. நான் எங்கேருந்து சாமி கும்பிடுறது?" என்றார்கள். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியலை.

அந்த எல்இடி திரையை மாட்டினதே நாங்கதான். பின்னால நிக்கிறவங்களுக்கும் அபிஷேகம் தெரியணும்னு உபயகாரர் நல்ல மனசோட கொடுத்தது. அவரைக் குறை சொல்லலை. ஆனா பகல் வெளிச்சத்திலும் பளிச்சுன்னு தெரியுற திரை அது. மண்டப விளக்கை அணைச்சு தீபாராதனை காட்டும்போது, தீபத்தைவிட திரைதான் கண்ணை இழுக்குது.

வெளிச்சத்தைக் குறைச்சா போதும்னு சிலர் சொல்றாங்க. குறைக்கத்தான் வேணும். ஆனா இந்த மாதிரி திரை பலதும் வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுதான் வெளிச்சத்தைக் குறைக்கும். கைப்பேசியில படம் பிடிச்சா கறுப்புக் கோடு ஓடுதே, அது இதனாலதான். நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஆனா சிலருக்கு இதுவே தலைவலியைக் கொடுக்கும். ஃபேக்டரியில இது புதுசில்லை. பழைய டியூப் லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கும். அந்த வெளிச்சத்துல சுத்துற மெஷின்கூட நிக்கிற மாதிரி தெரியும். நின்னுடுச்சுன்னு நினைச்சு கையை நீட்டின ஒரு பையனை நாங்களே பிடிச்சு இழுத்திருக்கோம். அதனால பாட்டி சொன்னதை வயசுக் கோளாறுன்னு தள்ள எங்களுக்கு மனசு வரலை.

அர்ச்சனை சீட்டு கவுண்டரையும் பாருங்க. பேர், நட்சத்திரம், ராசின்னு 3 மணி நேரம் தட்டுற பிள்ளைக்கு, கண்ணாடிக் கதவு வழியா சாயங்கால வெயில் நேரா முகத்துல அடிக்குது. திரையை உத்துப் பார்க்கும்போது கண் சிமிட்டுறது குறைஞ்சு கண் காய்ஞ்சுடும். அந்தப் பிள்ளை சொந்தக் காசுல நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கிப் போட்டுச்சு. அதனால கண் களைப்பு பெரிசா குறையறதில்லைன்னு 2023-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பே சொல்லுது. மேசையைத் திருப்பிப் போட ஒரு காசும் செலவில்லை. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி 20 நொடி பாருங்கன்னு கண் டாக்டருங்க சொல்வாங்க. கவுண்டரிலிருந்து கொடிமரம் ஏறக்குறைய அந்தத் தூரம்தான், அப்படியே ஒரு கும்பிடும் போட்டுக்கலாம்.

அடுத்த ஞாயிறு நிர்வாகக் கூட்டத்துல கேக்கப் போறோம்: தீபாராதனை நேரத்துல திரையை அணைக்கணும். மத்த நேரம் வெளிச்சம் குறையணும். திரை கண்ணுல படாத ஒரு பக்கம் பாய் போட்டு இடம் விடணும். உங்களுக்கும் இந்தத் தொந்தரவு இருந்தா கூச்சப்படாம கவுண்டர்ல சொல்லிட்டுப் போங்க, பேர் எழுதி எடுத்துட்டுப் போறோம்.

பாட்டி மூணு வெள்ளியா வரலை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். பிரசாதத்தை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "அந்த லைட்ட என்னய்யா பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார்கள்.