ஒப்பிடாமல் ஒப்படைக்கக் கூடாது: புதிய ரன்டைமுக்கு மாறுவது பற்றி எங்கள் நிலைப்பாடு

கோவை காந்திபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்தபடி மில்கள், பம்ப் பட்டறைகள், நூறடி ரோடு நகைக்கடைகள், கிராஸ்கட் ரோடு துணிக்கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறு நிறுவனங்களின் கூட்டமைப்பு நாங்கள். பழைய மென்பொருளைப் புதிய ரன்டைமுக்கு, அதாவது நிரலை இயக்கும் அடித்தளத்தின் புதிய பதிப்புக்கு, மாற்றும்போது, பழைய தரவைப் பழையது, புதியது இரண்டிலும் ஓட்டி விடைகளை ஒப்பிடாமல் எந்த உறுப்பினரும் வேலையை ஒப்படைக்கக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு.

மாறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்துக்காட்டாக, பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அதை உருவாக்கியவர்கள் அடைப்பதில்லை. “நல்லாத்தானுங்க ஓடுது, எதுக்குங்க மாத்தோணும்?” என்று கேட்கும் முதலாளிகளுக்கு இதுதான் பதில்.

மாற்றியதும் மென்பொருள் நின்றுபோனால் அன்றைக்கே தெரிந்துவிடும். நிற்காமல் வேறு விடை சொல்வதுதான் ஆபத்து. வரித்தொகை 1,250.50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முழு ரூபாயாக்கும் ரவுண்ட் கட்டளை பைத்தான் 2-இல் 1,251 தரும். பைத்தான் 3-இல் 1,250 தரும். சரிபாதி வந்தால் பைத்தான் 3 பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போய்விடுகிறது. ஆனால் ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த முழு ரூபாயாக்கச் சொல்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவு. 1,251.50-ஐக் கொடுத்தாலோ இரண்டு பதிப்புகளும் 1,252 என்றே சொல்லும். அந்த எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். கணக்கு ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால், பழைய பில்லை மறுபடி அச்சிட்டால் பழைய தொகையே வந்தாக வேண்டும்.

தமிழில் பெயர் அச்சிடும் இடங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். யுடிஎஃப்-8-இல் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் பைத்தான் 2-இன் சாதாரணச் சரத்துக்கு 15, பைத்தான் 3-க்கு 5, நமக்கு 3. பெயரை இத்தனை இடத்தில் வெட்டு என்று எழுதிய பழைய நிரலைப் புதிய பதிப்பில் ஓட்டினால், பெயர் ரசீதின் அடுத்த கட்டத்துக்குள் புகுந்துவிடும். ஜாவாவிலும் இதே கதைதான். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8 தான் இயல்பு. விண்டோஸில் முன்பு அப்படி இல்லை. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முந்தைய டாப், டிஸ்கி குறியாக்கங்களில் உள்ள கோப்புகளைப் புதிய ஜாவாவில் அப்படியே திறந்தால் எழுத்து சிதையும். அதே கோப்பில் திரும்பச் சேமித்தால் மூலமும் போய்விடும்.

ஆகவே குறைந்தது ஒரு முழு நிதியாண்டின் தரவை இரண்டிலும் ஓட்ட வேண்டும். நிதியாண்டு முடியும் மார்ச்சில் மாற்றவே கூடாது. சோதனைச் செலவு கொட்டேஷனில் தனி வரியாக இருக்க வேண்டும். இலவசமாகச் சோதித்துத் தருகிறோம் என்பவர் பெரும்பாலும் சோதிப்பதில்லை.

வாடிக்கையாளர்கள் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடும் முன் ஒப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் உறுப்பினரே தர மறுத்தாலும் மீதித் தொகையை நிறுத்தி வையுங்கள்.