அப்பா விட்டுப் போன கணக்கு

மோசடிக் கதை என்றால் காமர்ஸ் மாணவர்களுக்குப் பஞ்சமே இல்லை. என்ரான் (2001), மேடாஃப் (2008), சத்யம் (2009) என்று வரிசையாகச் சொல்வார்கள். எந்த நஷ்டத்தை எங்கே மறைத்தார்கள், ஆடிட்டர் எங்கே கோட்டை விட்டார் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் 1905-ல் லண்டனில் மேடையேறிய ஒரு நாடகத்தை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. ஹார்லி கிரான்வில் பார்க்கர் எழுதிய 'த வாய்சி இன்ஹெரிட்டன்ஸ்' என்ற ஐந்து அங்க நாடகம் அது.

"நாடகமெல்லாம் லிட்டரேச்சர் படிக்கிறவங்க சமாச்சாரம்" என்று ஒதுங்குகிறவர்கள்தான் முக்கியமாக இதைப் படிக்க வேண்டும். ஆடிட்டிங் பாடப்புத்தகம் திருட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லித் தருகிறது. கண்டுபிடித்த பிறகு, திருடியவர் சொந்த அப்பா என்று தெரிந்தால் என்ன செய்வது? அதற்குப் புத்தகத்தில் அத்தியாயம் இல்லை. இந்த நாடகம் முழுக்க அதுதான்.

(கதை முழுவதும் கீழே வருகிறது. தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இது மர்மக் கதை அல்ல. ரகசியம் முதல் அங்கத்திலேயே உடைந்துவிடுகிறது.)

லண்டனில் லிங்கன்ஸ் இன் பகுதியில் 'வாய்சி அண்ட் சன்' என்ற சொலிசிட்டர் அலுவலகம். ஊரே மதிக்கும் நிறுவனம். விதவைகள், அநாதைப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் நம்பிப் பணத்தை ஒப்படைத்திருக்கிறார்கள். மகன் எட்வர்ட் தொழிலில் பங்காளி. ஒருநாள் கணக்குகளைப் பார்க்கும்போது கட்சிக்காரர்களின் அசல் பணம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது தெரிகிறது. நடுங்கிப்போய் அப்பா முன்னால் நிற்கிறான். அப்பா அலட்டிக்கொள்ளவே இல்லை. "எனக்கும் இது என் அப்பாவிடமிருந்துதான் வந்தது, இனி உன் முறை" என்கிற பாணியில் பேசுகிறார். தலைப்பில் இருக்கும் 'பிதுரார்ஜிதம்' இதுதான். சொத்து அல்ல, ஓட்டை.

பெரியவர் வாய்சியின் உத்தி எளிமையானது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடலாம். ஒரு விதவை 1000 பவுண்டு கொடுத்து வைக்கிறார், வட்டி 4 சதவீதம். அந்த ஆயிரத்தை எடுத்துச் சூதாட்டம் மாதிரி முதலீடு செய்தாலும், வீட்டுச் செலவுக்கு எடுத்தாலும், வருடத்துக்கு 40 பவுண்டு மட்டும் தவறாமல் போய்ச் சேர்ந்தால் போதும். அந்தம்மா அசலைக் கேட்கப் போவதில்லை. கொடுத்த வட்டி மொத்தமும் கூட்டினால் அசலைத் தொடவே 25 வருடம் ஆகும். வட்டி சரியாக வரும் வரை அசலைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்ற மனித சுபாவத்தின் மேல்தான் அந்த அலுவலகமே நிற்கிறது.

சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவீத லாபம் என்று பாஸ்டனில் ஊரைக் கூட்டியது 1920-ல். அது சில மாதங்களில் சரிந்தது. பார்க்கர் அதற்கு 15 வருடம் முன்பே எழுதிவிட்டார். அதுவும் அவசரக்கார போன்சியை அல்ல, பேராசை காட்டாமல் வருடக்கணக்கில் நிதானமாக லாபம் காட்டிய மேடாஃப் ரகத்து ஆளை! அப்போது பார்க்கருக்கு 28 வயதுகூட நிரம்பவில்லை.

நாடகத்தின் உயிர்நாடி மூன்றாவது அங்கம். பெரியவர் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்து குடும்பம் சிஸில்ஹர்ஸ்ட் வீட்டுச் சாப்பாட்டு அறையில் கூடுகிறது. ராணுவத்தில் மேஜராக இருக்கும் அண்ணன், வக்கீல் தொழிலில் பெரிய ஆளான இன்னொரு அண்ணன், ஓவியரான தம்பி, கல்யாணம் ஆகாமல் எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்யும் அக்கா, காது சரியாகக் கேட்காத அம்மா... எல்லார் முன்னாலும் எட்வர்ட் உண்மையைப் போட்டு உடைக்கிறான். உயிலில் கிடைக்கும் பணம் நம்முடையது அல்ல, உரியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்கிறான்.

அதற்கப்புறம் நடப்பதைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. யாரும் அப்பாவின் செயலை நியாயப்படுத்தவில்லை. அதே சமயம் பணத்தைத் திருப்பித் தரவும் பெரும்பாலோருக்கு மனம் வரவில்லை. குடும்ப மானம், அம்மாவின் உடல்நிலை, பிள்ளைகளின் எதிர்காலம் என்று ஆளுக்கொரு காரணம். எல்லாமே நல்ல காரணங்கள்தான், அதுதான் கொடுமை. நேர்மையானவர்கள் என்று தங்களை நம்புகிற ஒரு குடும்பம், திருட்டுப் பணத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு நாகரிகமான வார்த்தைகளைத் தேடுகிறது.

எட்வர்டுக்கு இரண்டே வழி. ஊரறியச் சொல்லி, அலுவலகத்தை மூடி, ஜெயிலுக்குப் போகலாம். அப்படிச் செய்தால் அவன் கை சுத்தமாகிவிடும். ஆனால் இருக்கிற கொஞ்சமும் எல்லாருக்கும் விகிதப்படி பிரிந்துபோய், ஏழை விதவைக்குக் கிடைப்பது சில்லறைதான். இன்னொரு வழி, வாயை மூடிக்கொண்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, தொழிலில் வரும் வருமானத்தை வைத்துச் சிறிய கணக்குகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்வது. அதாவது நேர்மைக்காகத் தினமும் பொய் சொல்வது. அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறான். புலி வாலைப் பிடித்த கதை.

இது சரியா? சட்டப்படி தப்பு. திவாலான நிறுவனத்தில் உத்தரவாதம் இல்லாத கடன்காரர்கள் அனைவரும் சமம் என்பது அடிப்படை விதி. யாருக்கு முதலில் தருவது என்று முடிவு செய்ய எட்வர்ட் யார்? அவனும் அப்பாவைப் போலவே அடுத்தவர் பணத்தில் தன் இஷ்டத்துக்கு விளையாடுகிறான் என்றுகூட வாதாடலாம். ஆனால் நான்காவது அங்கத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், குடும்ப நண்பரும் பெரிய கட்சிக்காரருமான ஜார்ஜ் பூத் தன் பத்திரங்களைத் திருப்பிக் கேட்டு வருகிறார். உண்மை தெரிந்ததும் கொதிக்கிறார். கோபம் ஆறியதும், பாதிரியாரையும் துணைக்கு வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார். மற்றவர்களைப் பின்னால் தள்ளித் தன் பணத்துக்கு முன்னுரிமை தந்தால் விஷயத்தை வெளியில் விடமாட்டாராம்! எட்வர்ட் மறுத்துவிடுகிறான். அந்த இடத்தில்தான் அப்பாவுக்கும் மகனுக்கும் உள்ள வித்தியாசம் புரிகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கையெழுத்து போதும் என்ற நிலையிலும் அவன் விதவையின் பணத்தைத் தொடவில்லை.

எட்வர்டை நல்லவன் என்று பார்க்கர் தீர்ப்பு எழுதவில்லை. கடைசி அங்கத்தில் ஆலிஸ் என்ற பெண் அவனை மணக்கச் சம்மதிக்கிறாள். கட்சிக்காரர்கள் வழக்குப் போடுவார்களா, அவன் ஜெயிலுக்குப் போவானா என்பது தெரியாமலே திரை விழுகிறது. தீர்ப்பு நம் தலையில்.

இதே கேள்வி நிஜ வாழ்க்கையில் 103 வருடம் கழித்து வந்தது. 2008 டிசம்பரில் மேடாஃப் தன் இரண்டு மகன்களிடம் எல்லாமே பொய் என்று ஒப்புக்கொண்டார். அவர்கள் வக்கீல் மூலம் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார்கள், மறுநாள் அவர் கைதானார். எட்வர்ட் செய்யாததை அந்த மகன்கள் செய்தார்கள். 2008-ல் அதுதான் சரி. தொகை அவ்வளவு பெரியது, தினமும் புதிய ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எட்வர்ட் மாதிரி மௌனமாகச் சரிசெய்வது என்பது ஓட்டை சிறியதாக, செய்பவன் யோக்கியனாக இருந்தால் மட்டுமே யோசிக்கக்கூடிய வழி. இந்த இரண்டுமே வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. அதனால்தான் சட்டம் அந்த வழியை அனுமதிப்பதில்லை. எட்வர்டின் மேல் மரியாதை வருகிறது, ஆனால் எட்வர்டை நம்பி ஒரு விதியை எழுத முடியாது. நாடகத்தைப் படித்து முடித்தபின் இந்த இரண்டு எண்ணமும் சேர்ந்தே மனதில் நிற்கின்றன.

இவ்வளவு நல்ல நாடகம் ஏன் பிரபலமாகவில்லை? பெர்னார்ட் ஷாவின் நிழல் பெரியது. 1905 நவம்பரில் இது கோர்ட் தியேட்டரில் அரங்கேறியது. அதே மாதம் அதே மேடையில் ஷாவின் 'மேஜர் பார்பரா'வும் வந்தது, அதில் பார்க்கரே நடித்தார். உலகம் ஷாவைப் பிடித்துக்கொண்டது. பார்க்கர் பிற்காலத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு எழுதிய முன்னுரைகளால்தான் அதிகம் அறியப்பட்டார். ஆனாலும் நாடகம் சாகவில்லை. லண்டன் நேஷனல் தியேட்டர் 1989-லும் 2006-லும் மேடையேற்றியது. அமெரிக்காவில் டேவிட் மேமட் 2005-ல் சுருக்கித் தழுவினார்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது அங்கத்தில் சாப்பாட்டு மேசைப் பேச்சு நீளம். பாத்திரங்கள் ஒரேயடியாக வந்து குழப்புவார்கள். ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் சுலபம். அடைப்புக்குறிக்குள் வரும் மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். வசனத்தில் இல்லாத கிண்டல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பார்க்கர் பின்னாளில் திருத்தியும் எழுதியதால் பதிப்புக்குப் பதிப்பு வசனம் மாறும், பயப்பட வேண்டாம். அவர் 1946-ல் காலமானவர் என்பதால் காப்புரிமைப் பிரச்சினையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். படித்து முடித்ததும் மூன்றாவது அங்கத்துச் சாப்பாட்டு மேசையில் உங்களையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள். உயிலில் உங்கள் பெயருக்கும் ஒரு தொகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்வர்ட் உங்களைப் பார்த்துக் கேட்கிறான். என்ன சொல்வீர்கள்?