ஆலோசகர் வந்தார், கணக்கு எங்கே?

நூறோ அதற்கு மேலோ மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை, எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன, எத்தனை பேர் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர் என்று ஆண்டறிக்கையில் கேட்கிறதே தவிர, எத்தனை பேர் தேறினர் என்று கேட்கவில்லை. நூறு பேருக்குக் குறைந்த பள்ளி வெளி நிபுணரை நாடினால் போதுமாம்; உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் அதன் பொருள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாயும் பிள்ளையும் காஞ்சிபுரத்துக்குப் பேருந்து ஏறுவதே.

உளவியல் சிகிச்சை பலன் தருமா என்பதற்குக் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு விடை சொல்கிறது. கடும் மனச்சோர்வுற்ற 495 பேரில் ஒரு பாதியினரை, மனநலப் படிப்பு ஏதுமில்லாத, ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு முதல் எட்டு முறை சந்தித்து, கைவிட்ட அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாக மீண்டும் செய்யத் தூண்டினர்; செயலூக்கச் சிகிச்சை எனப்படுவது இதுவே. கடந்த இரண்டு வாரத் தூக்கம், பசி, சோர்வு முதலியவை பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட, 27 மதிப்பெண் தாளில் மூன்று மாதத்தில் 10க்குக் கீழ் இறங்கியோர் அவர்களில் 64 விழுக்காடு. சற்றே மேம்படுத்திய வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 39 விழுக்காடு. அந்த ஆலோசகர்கள் வாரந்தோறும் கூடி, உரையாடல் ஒலிப்பதிவைக் கேட்டு ஒருவருக்கொருவர் மதிப்பெண் இட்டனர் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலேயே மனநல ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் மனச்சிதைவு நோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனித்த ஆய்வும் (2014) பலன் கண்டது.

மாறாக, ஐக்கிய இராச்சியப் பள்ளிகளில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சிறாரிடம் நடந்த ஆய்வில், வகுப்பறையில் மொத்தமாகக் கற்பித்த மனக்கவனப் (மைண்ட்ஃபுல்னெஸ்) பயிற்சி, வழக்கமான கற்பித்தலைவிடக் கூடுதல் பலன் எதையும் தரவில்லை என 2022இல் தெரிந்தது. அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டமும் பேனரும் போதுமென்பது ஏமாற்று. பட்டம் பெற்றவரே பேச வேண்டும் என்று அடம்பிடிப்போருக்குக் கோவாவின் எண்களே பதில்.

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்லாமல் அவருடைய உறவினரையும் தேர்தலிலிருந்து விலக்கியது. பத்தாம் நூற்றாண்டுக்கு இருந்த அந்தக் கண்டிப்பு மனநலத் திட்டங்களுக்கு இல்லை. ஆலோசகர் பணியிடங்களுக்கு ஒதுக்கும் பணத்தை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர்களின் பயிற்சிக்குத் திருப்பி, அந்த ஒன்பது கேள்வித் தாளை அவர்கள் பையில் வைத்தாலே, ஓராண்டில் உத்திரமேரூர் வட்டத்தில் எத்தனை பேர் தேறினர் என்று ஊராட்சி ஊராட்சியாகச் சொல்லிவிடலாம்.